வடிவக் கவிதை எழுதப் போகிறீர்களா? குடையில் தொடங்காதீர்கள்

போன மழைக்காலத்தில் நான் ஒரு குடை எழுதினேன். குடையைப் பற்றி எழுதினேன் என்று சொல்லவில்லை, குடையையே எழுதினேன். உச்சியில் 'வா' என்று ஒற்றை எழுத்து. அடுத்த வரியில் மூன்று எழுத்து, அதற்கடுத்து ஏழு என்று வரிகள் விரிந்துகொண்டே போய், நடுவில் காம்பு இறங்கி, கீழே கொக்கியாக வளைந்து முடியும். மூன்று வாரம் மெனக்கெட்டேன். ஒரு சிற்றிதழுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து இதழ் வீட்டுக்கு வந்தபோது, குடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செங்கல் இருந்தது. எல்லா வரிகளையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு ஓரத்தையும் சமன் செய்து, ஒரே பத்தியாக்கிவிட்டார்கள். காம்புக்காக ஒன்றன்கீழ் ஒன்றாக நான் நிறுத்திய எழுத்துகள் பத்தியின் கடைசியில் 'ஊ ன் று கோ ல்' என்று விக்கிக்கொண்டு நின்றன.

பாதிப் பிழை என்னுடையது. வெறும் வேர்டு கோப்பை மட்டும் அனுப்பினேன். வரிகளைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, முதல் முயற்சிக்கே குடையை எடுத்தது.

அதன்பிறகு ஒரு சீப்பு எழுதினேன். ஒன்பது நாள் ஆனது, செலவு நூறு ரூபாய்க்குள். எந்தக் கைபேசியில் திறந்தாலும் சீப்பாகவே இருக்கிறது. அந்த ஒன்பது நாளில் செய்ததைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. நாகபந்தம், இரதபந்தம் என்று நம் பழைய சித்திரக்கவிகள் இருக்கின்றன. அவற்றில் வரைந்த படத்தின் கட்டங்களுக்குள் எழுத்துகள் விதிப்படி உட்கார வேண்டும், யாப்பும் தவறக் கூடாது. நாம் எழுதப் போவது அவ்வளவு கடினமானது இல்லை. வரிகளின் நீளமே பொருளின் உருவத்தைக் காட்டினால் போதும். யாப்பு தெரியாதே என்று தயங்க வேண்டாம்.

1. பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இடது ஓரத்தைப் பாருங்கள்

வடிவக் கவிதையைக் கெடுப்பது எப்போதும் வெற்றிடம்தான். வலப்பக்கத்து வெற்றிடம் தானாக வரும், வரி முடிந்தால் மீதி வெள்ளை. இடப்பக்கத்து வெற்றிடத்தை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். அதைப் பெரும்பாலானவர்கள் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி உண்டாக்குகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். எழுத்துரு மாறினால் அந்த இடைவெளியின் அகலமும் மாறிவிடும். இணையப் பக்கத்தில் போட்டால் பத்து இடைவெளியும் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

ஆகவே முதல் கவிதைக்கு இடது ஓரம் நேராக இருக்கும் பொருளாகப் பாருங்கள். சீப்பை நட்டமாக நிறுத்தினால் முதுகு இடப்பக்கம், பற்கள் வலப்பக்கம். ஒவ்வொரு வரியும் ஒரு பல். பக்கவாட்டில் பார்த்த படிக்கட்டு, பல் வைத்த ரம்பம், கம்பத்தில் கட்டிய கொடி, சுவரை ஒட்டி அடுக்கிய புத்தகங்கள் எல்லாம் இந்த வகை.

இரண்டாவது வகை, நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருப்பவை: குடம், டீக்கடைக் கண்ணாடி டம்ளர், மணி, குத்துவிளக்கு. வரிகளை மையப்படுத்தினால் உருவம் வந்துவிடும், ஆனால் அதைப் படமாக அனுப்புவதுதான் பாதுகாப்பு. இரண்டாவது கவிதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை மூக்குக்கண்ணாடி, கத்தரிக்கோல், மிதிவண்டி. இவற்றில் இரண்டு பகுதிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இடது வட்டத்தை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்துவிட்டு வலது வட்டத்துக்குப் போகவேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். படிப்பவர் கண் அப்படிப் போகாது. இடது வட்டத்தின் முதல் வரியிலிருந்து நேரே வலது வட்டத்தின் முதல் வரிக்குத் தாவிவிடும். இப்போதைக்கு இந்த வகை வேண்டாம்.

இன்னொரு யோசனை: புத்தம்புதுப் பொருளைவிட அடிபட்ட பொருள் நல்லது. ஏன் என்பது மூன்றாவது படியில் வரும்.

2. ஒரு நாள் முழுக்கப் பொருளோடு இருங்கள், சொற்களைச் சேருங்கள்

கவிதை எழுத உட்காராதீர்கள். பொருளைக் கையில் எடுத்து, அதன் பாகங்களுக்கு வீட்டில் என்ன பெயர் சொல்வார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து, அது செய்யும் வேலைகள். அடுத்து, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கு, வாசனை, ஆட்கள்.

என் தாளில் இருந்தவை: பல், இடுக்கு, சிக்கு, வகிடு, பிசுக்கு, சடை, கொண்டை, பேன், ஈர், பொடுகு, ரிப்பன், முற்றம், நரைமுடி. வினைகள்: வாருதல், சீவுதல், கோதுதல், சிக்கெடுத்தல், இழுத்தல். இவற்றோடு வாழைப்பழச் சீப்பும் வந்து நின்றது, 'சீப்பை ஒளித்துவைத்தால் கல்யாணம் நின்றுவிடுமா' என்ற பழமொழியும் வந்து நின்றது. இரண்டையும் அடித்துவிட்டேன். பழமொழி உள்ளே வந்தால் கவிதை முழுக்க அதற்குப் பின்னால் போய்விடும். சொல் விளையாட்டு ஒரு சிரிப்போடு தீர்ந்துவிடும்.

தாளின் இன்னொரு ஓரத்தில் ஓரெழுத்து, ஈரெழுத்து, மூவெழுத்துச் சொற்களைத் தனியாக எழுதி வையுங்கள். தீ, பூ, கை, நீ, பல், ஈர், பாதி, மீதி, இனி, சிக்கு. தமிழில் விகுதியும் வேற்றுமையும் சேரச் சேரச் சொல் நீண்டுகொண்டே போகும். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒரே சொல் ஒரு வரியை அடைத்துவிடும். அகலமான இடங்களை நிரப்புவது நமக்குச் சிரமமே இல்லை. குறுகலான இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம். அந்த நேரத்தில் இந்தச் சின்னச் சொற்கள் கைகொடுக்கும்.

3. வடிவம் என்ன வேலை செய்யப் போகிறது?

நான் பார்த்த வடிவக் கவிதைகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் விழுகின்றன. மாம்பழ வடிவத்துக்குள் மாம்பழம் இனிக்கும் என்று எழுதியிருப்பார்கள். மரத்துக்குள் மரம் நிழல் தரும். என் குடைக்குள்ளும் மழை பெய்தது. வடிவத்தை எடுத்துவிட்டுச் சாதாரண வரிகளாகப் போட்டாலும் அந்தக் கவிதைகள் எதையும் இழப்பதில்லை. அப்படியென்றால் அந்த வடிவம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இந்த உருவத்தில் எந்த இடத்தில் வரி திடீரென்று குறுகுகிறது, நீள்கிறது, நிற்கிறது? அந்த இடத்தில் சொல்லப்படும் சேதியும் அதேபோல் நடந்துகொள்கிறதா?

என் அப்பத்தாவின் சீப்பில் பத்துப் பல்லில் மூன்று முறிந்து கிடந்தன. முறிந்த பல் என்றால் குறுகிய வரி. குறுகிய வரி என்றால் பேச்சு அறுந்துபோகும் இடம். அப்பத்தாவுக்குக் கதையைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் உண்டு. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் கவிதை இருக்கிறது என்று தெரிந்தது. அதற்கு முந்தைய நான்கு நாளும் நல்ல சீப்பு ஒன்றை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். அடிபட்ட பொருளாக எடுங்கள் என்று சொன்னது இதனால்தான். முறிவும் விரிசலும் ஓட்டையும் இருக்கும் இடத்தில் வரிக்கு வேலை கிடைக்கும்.

டம்ளர் எழுதினால் மேலே அகன்று கீழே குறுகும். தேநீர் குறைந்துகொண்டே வருவதற்கு அது பொருந்தும், நெருங்கிப் பேசி அடங்கிப்போகும் ஒரு சண்டைக்கும் பொருந்தும். படிக்கட்டு என்றால் ஏறுவதா இறங்குவதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மேலிருந்து கீழே படிக்கும் கண் இறங்கத்தான் செய்யும். ஏறுகிற கவிதையைப் படிக்கட்டில் எழுதினால் கண்ணும் சொல்லும் எதிரெதிர்த் திசையில் போகும்.

4. வடிவத்தை மறந்துவிட்டு ஒரு முறை உரைநடையாக எழுதுங்கள்

ஐந்தாறு வாக்கியம் போதும், யாரிடமோ சொல்வதுபோல. நான் எழுதியது இப்படி: 'காலையில் அப்பத்தா முற்றத்தில் உட்கார்ந்து எனக்குத் தலைவாருவாள். இந்தச் சீப்பின் முதல் பல்லைத் தாத்தா எப்படி உடைத்தார் என்று சொல்லத் தொடங்குவாள். கதை பாதி வருவதற்குள் சடை முடிந்துவிடும், நான் பள்ளிக்கு ஓடிவிடுவேன். இப்போது சீப்பு என்னிடம் இருக்கிறது, கதை இல்லை.'

இந்த உரைநடையில் விஷயம் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போங்கள். வடிவம் வந்தால் சரியாகிவிடும் என்று நம்பி நான் தொலைத்தது மூன்று வாரம்.

5. கட்டம் போட்ட நோட்டில் வரையுங்கள்

பள்ளிப் பிள்ளைகள் கணக்குக்கு வைத்திருக்கும் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். பென்சிலால் பொருளின் உருவத்தை லேசாக வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வையுங்கள். க ஓர் எழுத்து, கு ஓர் எழுத்து, கொ ஓர் எழுத்து, புள்ளி வைத்த க்-கும் ஓர் எழுத்து. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அரைக் கட்டம் விட்டால் போதும்.

எண்ணிக்கையைக் கணினியிடம் கேட்காதீர்கள். 'சீப்பு' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. கணினி 6 என்று சொல்லும். ச தனி, அதன் சுழி தனி, ப தனி, புள்ளி தனி, மறுபடி ப, அதன் உகரக் குறி. வேர்டிலோ எக்செலிலோ வரும் எண்ணை நம்பி வரியமைத்தால் எல்லாம் கோணலாகும். விரல்விட்டு எண்ணுவதுதான் சரி.

எழுத்தெண்ணிக்கை சமமாக இருந்தாலும் வரி நீளம் சமமாக வராது, இதுவும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ர, ரி, டி போன்றவை ஒல்லி. ண, ஞ குண்டு. கை, லை என்றால் முன்னால் இணைக்கொம்பு ஒன்று சேர்ந்துகொள்ளும். கொ, சோ என்றால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. ஆகவே கட்டம் தோராயத்துக்குத்தான். கடைசித் தீர்ப்பு தட்டச்சு செய்த பிறகு கண்ணால்.

செங்குத்தாக ஒரு வரிக்கு ஓர் எழுத்து என்று நிறுத்த வேண்டி வந்தால் (குடைக் காம்பு, விளக்குத் தண்டு, பட்டத்தின் வால்) மெய்யெழுத்து இல்லாத சொல்லாகத் தேடுங்கள். தனியே நிற்கும் 'ன்' அல்லது 'ல்' மேல் வந்ததும் படிப்பவர் தடுக்கி விழுவார். என் 'ஊன்றுகோல்' ஐந்து எழுத்தில் இரண்டு மெய். அச்சில் கெடாமல் வந்திருந்தாலும் அது விக்கத்தான் செய்திருக்கும்.

6. வரியை நீட்டுவதும் குறைப்பதும்

இங்கேதான் நேரம் போகும். ஒன்பது நாளில் நான்கு நாள் எனக்கு இதற்கே சரியாக இருந்தது. முடிந்த வடிவத்தை முதலில் காட்டிவிடுகிறேன்.

விடிந்தால் முற்றத்தில் அப்பத்தா
எண்ணெய் வைத்துச் சிக்கெடுப்பாள்
தாத்தா
முதல் பல்லை உடைத்த கதையை
தினமும் முதலில் இருந்து சொல்வாள்
பாதி
வருமுன் என் சடை முடிந்திருக்கும்
சீப்பு இப்போது என் கைப்பையில்
மீதி
அதன் இடுக்கில் நரைமுடி ஒன்று

பத்து வரி, பத்துப் பல். மூன்றாவதும் ஆறாவதும் ஒன்பதாவதும் முறிந்தவை. முழுப் பற்கள் 13 எழுத்திலிருந்து 16 எழுத்துவரை இருக்கின்றன. நான்காவது வரிதான் 13. ஆனால் அதில் லை, டை, தை, யை என்று நான்கு ஐகாரம் வருவதால் ரொம்பக் குட்டையாகத் தெரிவதில்லை. சற்றே குட்டையாக இருந்தாலும் பழைய சீப்புதானே என்று விட்டுவிட்டேன். மயிரிழை சுத்தமாக வரவேண்டும் என்று மல்லுக்கட்டினால் சொற்கள் செத்துப்போகும்.

ஏழாவது வரி முதலில் 'வருவதற்குள் என் சடை முடிந்துவிடும்' என்று இருந்தது. 18 எழுத்து, துருத்திக்கொண்டு நின்றது. 'வருவதற்குள்' என்பதை 'வருமுன்' ஆக்கியதில் மூன்று எழுத்து குறைந்தது. 'முடிந்துவிடும்' என்பது 'முடிந்திருக்கும்' ஆனதில் ஓர் எழுத்து கூடியது. மொத்தம் 16. தமிழில் நமக்கு இருக்கும் வசதி இது. இருக்கிறது, உள்ளது, உண்டு என்று ஒன்றுக்கு மூன்று நீளங்கள் கிடைக்கும். தான், உம், ஏ என்று கடைசியில் ஒட்டிக்கொள்ளும் துண்டுகளும் உண்டு. 'இரட்டைச் சடை', 'சடை', 'பின்னல்' என்று பொருள் கெடாமல் மாற்றிப் பார்க்கலாம்.

இந்த வசதியே பொறியும் ஆகும். மூன்று பொறிகளில் நானே விழுந்திருக்கிறேன்.

நீளம் பற்றவில்லை என்று 'ஒரு', 'அந்த', 'மிகவும்', 'அழகிய' என்று திணிப்பது முதல் பொறி. வரைவு முடிந்ததும் இந்த நான்கையும் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றும் தேவையா என்று கேளுங்கள்.

அடுத்தது ஒற்றெழுத்தை விழுங்குவது. 'வைத்துச் சிக்கெடுப்பாள்' என்பதில் அந்த 'ச்' ஓர் எழுத்துதானே, எடுத்துவிட்டால் அளவு சரியாக வருகிறதே என்று தோன்றும். எடுத்தால் பிழை. அளவுக்காக இலக்கணத்தை வெட்டாதீர்கள், வேறு சொல் தேடுங்கள். வரி முடிவில் வரும் ஒற்று மட்டும் வேறு கதை. 'கதையை' என்ற வரியின் கடைசியில் 'த்' சேர்த்து 'கதையைத் / தினமும்' என்று எழுதலாம், வரி முறிகிற இடத்தில் மூச்சும் நிற்பதால் விட்டும் விடலாம். நான் விட்டேன். இதில் சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள், தயாராக இருங்கள்.

மூன்றாவது, சொல்லை நடுவில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளுவது. 'முடிந்திருக்' என்று ஒரு வரியிலும் 'கும்' என்று அடுத்ததிலும் வைத்தால் உருவம் அழகாக வரும், வாசிப்பு செத்துவிடும். பொருளே வெட்டுப்பட்டதாக இருந்து, அந்த வெட்டுக்கு அர்த்தமும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

7. தட்டச்சு

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டுங்கள். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கவிதை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துருவை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, கடைசிவரை மாற்றாதீர்கள். விண்டோஸில் நிர்மலா யுஐ இருக்கும், லதாவைச் சில கணினிகளில் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். கூகுளின் எழுத்துருத் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, பவனம் எல்லாம் இலவசம். ஒவ்வொன்றிலும் எழுத்தகலம் வேறு. லதாவில் சமன் செய்த வரிகள் பவனத்தில் கலையலாம்.

வரியை முடிக்க என்டர் விசையை மட்டும் தட்டினால், வேர்டு ஒவ்வொரு வரியையும் தனிப் பத்தியாக எடுத்துக்கொண்டு நடுவில் இடம் விடும். சீப்பின் பற்கள் விலகிப்போகும். ஷிப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டுங்கள். இரு ஓரமும் சமன் செய்யும் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள், அது குறுகிய வரிகளைப் பிடித்து இழுத்துவிடலாம். மையப்படுத்த வேண்டிய உருவமாக இருந்தால் அதற்கான பொத்தானையே பயன்படுத்துங்கள், இடைவெளி விசையை அல்ல.

வளைவின்மேல் எழுத வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பாதை வரைந்து அதன்மேல் எழுத்தை ஓட்டலாம். வளைவு ரொம்ப நெருக்கமாக இருந்தால் உயிர்மெய்க் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பெரிய வளைவாக எடுங்கள். அச்சகத்தில் இன்டிசைனோ போட்டோஷாப்போ பயன்படுத்துவார்கள். அவற்றில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கக்கூடும். 'கொ' என்ற எழுத்து கவிதையில் எங்காவது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், அது சரியாக இருந்தால் பெரும்பாலும் மற்றவையும் சரியாக இருக்கும்.

8. அனுப்புமுன் மூன்று சோதனை

ஒன்று, தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எழுத்து படிக்க முடியாத தூரத்திலும் உருவம் தெரிய வேண்டும். விஷயம் தெரியாத ஒருவரை அழைத்து 'இது என்ன?' என்று கேளுங்கள். என் சீப்பின் முதல் வரைவைப் பார்த்து வீட்டில் ரம்பம் என்றார்கள். முறிந்த பற்களை இன்னும் குட்டையாக்கிய பிறகுதான் சீப்பு என்றார்கள்.

இரண்டு, தொலைபேசியில் யாருக்காவது படித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு உருவம் தெரியாது. அப்படியும் ஏதாவது போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். நான் படித்து முடித்ததும் தோழி ஒருத்தி கேட்டாள், 'தாத்தா உடைத்தது சீப்போட பல்லையா, அப்பத்தாவோட பல்லையா?' அதுவரை அந்த வரியை நான் அப்படி யோசிக்கவே இல்லை. அன்று இரவு வரியை மாற்றலாமா என்று நோட்டை எடுத்தேன், மாற்றாமல் மூடி வைத்தேன்.

மூன்று, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டு, இன்னும் இரண்டு பேர் கைபேசியிலும் பாருங்கள். எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கைபேசியில் அவசியம் பாருங்கள். நீண்ட வரிகள் அங்கே இரண்டாக மடியும். வரிக்கு 20 எழுத்துக்குள் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறைவு. வாட்ஸ்அப்பில் சம அகல எழுத்து வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது ஆங்கில எழுத்துக்கு உதவும், தமிழ் எழுத்தைச் சம அகலத்துக்குக் கொண்டுவராது.

9. என்னென்ன இணைக்க வேண்டும்?

இதழுக்கோ போட்டிக்கோ அனுப்பும்போது ஒரே மின்னஞ்சலில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்.

பிடிஎஃப் கோப்பு: எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்திருப்பதால் எங்கே திறந்தாலும் உருவம் மாறாது. வேர்டிலிருந்தும் லிப்ரே ஆபீஸிலிருந்தும் நேரடியாகச் சேமிக்கலாம்.

படக் கோப்பு: அச்சுக்கு என்றால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ5 அளவுப் பக்கத்துக்கு 1748-க்கு 2480 புள்ளிகள் வரும். கைபேசியில் எடுத்த திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது அமுக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

ஒருங்குறி எழுத்துக் கோப்பு: பிழை திருத்துபவருக்கு இது வேண்டும். படத்தில் அவரால் ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது.

வடிவக் குறிப்பு: நான் குடைக்கு எழுதாமல் விட்டது இதுதான். மின்னஞ்சலின் முதல் பத்தியிலேயே போடுங்கள். 'இது வடிவக் கவிதை. பத்து வரிகள். இடது ஓரம் நேராக இருக்க வேண்டும். மையப்படுத்தவோ, வரிகளைச் சேர்க்கவோ, மடிக்கவோ வேண்டாம். பக்கத்தில் இடம் பற்றாவிட்டால் எழுத்தளவைக் குறைத்துக்கொள்ளலாம்.' இவ்வளவு போதும்.

உறுதிமொழி: சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவராதது என்று ஒரு வரி. முகநூலில் போட்டதையும் வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்ளும் இதழ்களும் போட்டிகளும் உண்டு. விருப்பக்குறிக்கு ஆசைப்பட்டு முன்கூட்டியே போட்டுவிட்டு அப்புறம் வருந்த வேண்டாம்.

கூடவே, அச்சுக்குப் போகுமுன் மெய்ப்பை (புரூஃப்) காட்ட முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். எல்லாரும் காட்ட மாட்டார்கள். ஆனால் அப்படிக் கேட்டாலே அந்தப் பக்கத்தை இரண்டு முறை பார்ப்பார்கள்.

10. செலவும் நாளும்

சீப்புக்கு எனக்கு ஆனது: கட்ட நோட்டு 40 ரூபாய், பென்சிலும் அழிப்பானும் 15, ஜெராக்ஸ் கடையில் எட்டுப் பிரதி எடுத்ததற்கு 40. மொத்தம் 95. மென்பொருள், எழுத்துரு எல்லாம் இலவசம். குடைக்கு டிடிபி செய்பவர் ஒருவரிடம் 300 ரூபாய் கொடுத்து வடிவமைத்தேன். அவர் தன் கணினியில் இருந்த பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார், இதழுக்கு அனுப்ப அதை மறுபடி ஒருங்குறிக்கு மாற்ற வேண்டி வந்தது. மாற்றியதில்தான் பாதி உருவம் அங்கேயே போயிருக்க வேண்டும். உங்கள் வரியை நீங்களே தட்டுங்கள்.

நாள் கணக்கு: நல்ல சீப்போடு முழித்தது நான்கு நாள், வரிகளை வெட்டி ஒட்டியது நான்கு நாள், தட்டச்சும் சோதனையும் ஒரு நாள். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவில்லை. அடிபட்ட பொருளை முதலிலேயே எடுத்துவிட்டால் அந்த முதல் நான்கு நாளில் பாதி உங்களுக்கு மிச்சம். போட்டிக்கு என்றால் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பாவது முடித்துவிடுங்கள். கோப்பு திறக்கவில்லை என்று பதில் வந்தால் மறுபடி அனுப்ப நேரம் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் குடைதான் எழுதுவேன் என்றால், சரி, எழுதுங்கள். படமாக மட்டும் அனுப்புங்கள். காம்பில் 'ஊன்றுகோல்' வேண்டாம். நான் இப்போது அந்த இடத்தில் 'மழைவிடாது' என்று மாற்றி வைத்திருக்கிறேன். அதே ஐந்து எழுத்து, புள்ளி ஒன்றுகூட இல்லை.